எழாத பந்தி

சாத்தனேந்தலில் மழை தவறாமல் பெய்து, கண்மாய் நிறைந்து, நெல்லுக்கு விலையும் நின்ற அந்த ஆண்டில், அதுவரை தட்டிப்போய்க்கொண்டிருந்த திருமணங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடிவந்தன. கூடிவந்த திருமணங்களை எல்லாம் சேவுகன் படம் பிடித்தான். பிடித்த படங்களை எல்லாம் அவன் மனைவி செங்கமலம், கடைவீதியில் இருந்த தங்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மணமக்களை ஒரு ரோஜாப்பூவுக்குள் சுழலவிட்டு, கணினியிடம் ஒப்படைத்தாள். கணினியோ சேற்றில் இறங்கிய வண்டிமாடுபோல நின்ற இடத்திலேயே நின்று மூச்சு வாங்கியது.

வெட்டிய துண்டுகளை ஒரே படமாகக் கோத்து முடிக்கும் அந்தக் கடைசி வேலைக்கு ரெண்டர் என்று பெயர். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து போகும். அது வலக்கோடியைத் தொட்டால் படம் குறுந்தகட்டில் ஏறத் தயார். தை மாதத்தில் தாலி கட்டியவர்கள் அந்தக் கோட்டுக்காக ஆடி மாதம்வரை நடந்தார்கள்.

“ஏத்தா செங்கமலம், எம் மக இப்ப முழுகாம இருக்கா. கல்யாணத்தையும் வளகாப்பையும் சேத்து ஒரே தகடாக் குடுத்துருவியா?” என்று ஒருத்தி ஸ்டுடியோ வாசலில் நின்று கேட்டாள்.

“காதுகுத்து வரைக்கும் பொறுத்தீகன்னா மூணையும் சேத்துத் தாரேன் மதினி” என்று செங்கமலம் முகம் மாறாமல் பதில் சொன்னாள். வந்தவள் போனபின் கணவனிடம், “பெட்டிக்கு மூளை பத்தல. வேற வாங்கணும்” என்றாள்.

பெட்டியின் மூளை என்று அவள் சொன்னது ப்ராசஸரை. அதற்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் உள்ளகங்கள் உண்டு. உள்ளகம் கூடக் கூட வேலை விரையும். நான்கு உள்ளகம் உடையதை வாங்க அவர்களிடம் வழியில்லை. ஆனால் செங்கமலம் இணையத்தில் இதே தொழிலில் இருப்பவர்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வந்தவள்; நான்கு உள்ளகத்தோடு செய்யப்பட்டவற்றில் இரண்டில் பழுது கண்டால் ஆலையிலேயே அந்த இரண்டையும் மூடிவிட்டு, இரண்டு உள்ளகம் உடையது என்று மலிவாக விற்பார்கள் என்பதையும், மலிவானதற்குக் கிராக்கி மிகுந்த காலத்தில் பழுதே இல்லாததையும் மூடி விற்பதுண்டு என்பதையும், மூடியதைத் திறப்பதற்குக் கணினியின் அமைப்புத் திரையில் ஒரேயொரு வரியை மாற்றினால் போதும் என்பதையும் அவள் அறிந்துவைத்திருந்தாள். வாய்த்தால் பாதி விலைக்கு முழுப் ப்ராசஸர். வாய்க்காவிட்டால் இரண்டோடு காலம் தள்ள வேண்டும்.

இதை அவள் கணவனுக்கு வீட்டைக் காட்டி விளக்கினாள். “நாலு ரூம் வீடு. ரெண்டப் பூட்டிட்டு, ரெண்ட மட்டும் வாடகைக்கு விட்டுருக்கான். சாவி நம்மகிட்ட இருக்கு.”

“அவன் எதுக்காகப் பூட்டினானோ. உள்ள பாம்பு கீம்பு கெடந்துச்சுன்னா?”

“கெடந்துச்சுன்னா திரும்பப் பூட்டிக்கலாம். தெறந்து பாக்காம எப்படித் தெரியும்?”

மதுரைக்குப் போய், கணினிக் கடைகள் நெருங்கி நிற்கும் ஒரு சந்தில், செங்கமலம் ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டு வாங்கி, உள்ளே தெரிந்த உலோக மூடியில் பொறித்திருந்த எழுத்துகளைக் கண்ணருகே பிடித்துப் படித்தாள். எந்த எழுத்து வரிசையில் வந்தவை பெரும்பாலும் திறக்கும் என்று இணையத்தில் சொல்லியிருந்தார்கள்.

“என்னக்கா, கத்தரிக்காயா பொறுக்குறீங்க?” என்றான் கடைக்காரன்.

“கத்தரிக்காய்ல பூச்சி ஓட்டை வெளிய தெரியும் தம்பி. இதுல தெரியலையே.”

“புரிஞ்சுபோச்சு. தெறக்கப் போறீங்க. தெறந்தா உங்க அதிர்ஷ்டம், தெறக்கலைன்னா எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. கடையில வச்சு நான் எதையும் பூட்டல.”

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் பழையதைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, அதன் தலையில் பசை தடவி, மேலே விசிறியை இறுக்கி, கணினியைக் கிளப்பி, அந்த ஒற்றை வரியை அவள் மாற்றினாள். திரை ஒருமுறை இருண்டு மீண்டது. உள்ளகங்கள் எத்தனை என்ற இடத்தில் நான்கு என்று இருந்தது. சேவுகன் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தான். பச்சைக் கோடு அதற்குமுன் ஒருநாளும் ஓடாத ஓட்டம் ஓடியது.

முதலில் முடிந்த படத்தைத் தகட்டில் ஏற்றுமுன் ஓட்டிப் பார்த்தபோது, இரண்டாம் பந்தியில் மணப்பெண்ணின் தாய்மாமன் ஒச்சப்பன் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

ஒச்சப்பன் அந்தத் திருமணத்துக்கு வரவில்லை என்பதை ஊரே அறியும். வேலித் தகராறில் தன் தங்கையோடு முறித்துக்கொண்டு, தெருவில் நின்று மண்ணில் அடித்து, “இனி உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்” என்று சத்தியம் செய்தவர் அவர். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அங்கே இலைமுன் உட்கார்ந்து உண்பது. உண்டவன் அந்த வீட்டுக்கு வேண்டியவன். உண்ணாதவன் தான் உண்ணாமல் இருப்பதாலேயே, வாய் திறவாமல், அந்த வீட்டின்மேல் ஒரு குற்றத்தைச் சாட்டிக்கொண்டே இருப்பவன்.

“நான் இவர எடுக்கவே இல்லையே” என்றான் சேவுகன். கேமராவில் இருந்த நாடாவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அதில் அந்த இடத்தில் ஆளில்லாத இலை ஒன்று காற்றில் ஓரம் துடித்துக்கொண்டிருந்தது. பெட்டியில் கோத்து முடித்த படத்திலோ ஒச்சப்பன் இருந்தார். கேட்டவர்கள் வாசலில் நின்றதால் படத்தை அப்படியே தகட்டில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் ஒச்சப்பனே ஸ்டுடியோவுக்கு வந்து வலக்கையை நீட்டினார். கை ஈரமாக இருந்தது. விரல் நுனிகள் இப்போதுதான் கழுவியவைபோலச் சுருங்கியிருந்தன.

“ஏப்பா சேவுகா, எந்திரிச்சதுலருந்து கையில ரசம் மணக்குது. யாரு வீட்டுல போயித் தின்னுட்டு வந்தேன்னு எம் பொண்டாட்டி வெளக்கமாத்த எடுக்குறா.”

“உங்க தங்கச்சி வீட்டுலதான் மாமா” என்றான் சேவுகன். படத்தை ஓட்டினான்.

ஒச்சப்பன் நின்றபடியே முழுப் பந்தியையும் பார்த்தார். “பாயசத்துக்கு ரெண்டாந்தரம் கை நீட்டிருக்கேன் பாரு. வெக்கங்கெட்ட கை” என்றார். பிறகு அவர் முகம் வேறொரு கவலையில் சுருங்கியது. “சீர் செய்யாமத் தின்னுட்டு வந்துருக்கேனேடா. ஊரு என்ன பேசும்?”

அன்று மாலையே பித்தளைக் குடமும் பட்டுச் சேலையும் பழத்தட்டுமாக அவர் தங்கை வீட்டுப் படியேறினார். தங்கை வாசலுக்கு வந்து, “வாங்கண்ணே. நேத்துப் பந்தியில ஆளுக சரியாக் கவனிச்சாகளா?” என்று மட்டும் கேட்டாள். வேலியைப் பற்றி அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

அடுத்த படத்தில் பகையாளி ஒருவனும், அதற்கடுத்ததில் பெண் கேட்டு இல்லையென்றதால் கோபித்துக்கொண்டு போன அத்தை ஒருத்தியும், பிறகு சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த அண்ணன்மார் மூவரும் பந்தியில் அமர்ந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து, “பாயசத்துல ஏன் முந்திரி போடல?” என்று தொலைபேசி வந்தது. வர வேண்டிய முறை உடையவராக இருந்து, பிணக்காலோ தொலைவாலோ வராமல் போனவர்களை மட்டுமே பெட்டி உட்கார வைத்தது. உட்கார்ந்தவர் ஒருவர் பாக்கியில்லாமல் உண்டார்கள். உண்டவர் ஒருவர் பாக்கியில்லாமல் மறுநாள் ஈரக் கையோடு எழுந்தார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக காலம் எடுத்துக்கொள்ளவில்லை. சமையற்காரர்கள் வராதவர்களையும் கணக்கில் சேர்த்து உலை வைத்தார்கள். பந்தி பரிமாறுகிறவர்கள் வரிசைக்கு ஓர் இலையை ஆளில்லாமல் விட்டுப் போட்டார்கள். உறவுகளோடு மனத்தாங்கல் உள்ளவர்கள் படுக்கும்போது தலைமாட்டில் ஒரு துண்டு வைத்துக்கொண்டார்கள். குழாயடியில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தால், “கை காஞ்சிருக்கா மதினி?” என்று கேட்பது வழக்கமாயிற்று. இதை அறிந்த சூழ்ச்சிக்காரர்களும் இருந்தார்கள். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிற பங்காளிக்கு ஒருவன் வலியப் போய்த் தன் வீட்டுத் திருமணத்துக்கு அழைப்பு வைத்தான். சாட்சிக்காரன் ஈரக் கையோடு எழுந்து, தின்ற வீட்டுக்கு எதிராக வாய் திறப்பது எப்படி என்று கோர்ட்டுக்குப் போகாமலே இருந்துவிட்டான்.

வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவரும் ஊர்க் கூட்டத்துக்குத் தலைவருமான இருளப்பன் வாத்தியார், வழக்கு ஒன்று கூட்டத்துக்கு வந்தபோது தீர்ப்புச் சொன்னார். “பெட்டி காட்டுறது நடந்தது. அதுல தின்னவன் தின்னவன்தான். நான் வரல, எனக்குத் தெரியாதுன்னு பின்னால ஒருத்தரும் பேசக் கூடாது.” காரணம் கேட்டவர்களுக்கு, ஆலையில் கழித்து மூடப்பட்டது, ஊரில் கழித்து விடப்பட்டவர்களைத் தேடிப் போகிறது என்றார். அது விளக்கம் அன்று. ஆயினும் வேறு விளக்கத்தை ஒருவரும் தேடவில்லை.

இறந்தவர்கள் வரவில்லை. பலர் வந்து கேட்டார்கள். தகப்பனுக்கு ஓர் இலை, மனைவிக்கு ஓர் இலை என்று போட்டும் பார்த்தார்கள். இலைகள் ஆளில்லாமலே இருந்தன. அப்படிக் கேட்க வந்தவர்களில் பெரியநாயகியும் ஒருத்தி.

பெரியநாயகி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். அவளுடைய ஒரே மகள் சுந்தரவள்ளியை, அரிசி ஆலை வைத்திருந்த சொக்கநாதன் தன் மகன் வீரபத்திரனுக்குக் கட்டினார். கட்டிய மறு வருடம், ஊரெல்லாம் தேர் இழுக்கப் போயிருந்த ஒருநாளில், சுந்தரவள்ளி அந்த வீட்டுக் கிணற்றில் இறந்து கிடந்தாள். கால் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னார்கள். அப்படியே எழுதி வழக்கை முடித்தார்கள். பெரியநாயகி அழுது முடித்தபின் சொக்கநாதனின் வாசலில் நின்று, “எம் மக எப்படிச் செத்தா?” என்று கேட்டாள். கால் வழுக்கி என்றார் அவர். “இதுக்குப் பதில் வர்ற வரைக்கும் உங்க வீட்டு விசேசம் எதுலயும் எங் கை நனையாது” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அதன்பின் அவள் அதைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. அந்த வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும், சம்பந்தி ஏன் வரவில்லை என்று புதிதாக வந்தவர் எவரேனும் கேட்பார். கேட்டவருக்கு எவரேனும் சொல்வார். வீரபத்திரனுக்கு மறுமணம் பேசிய இடங்கள் எல்லாம் அந்தக் கேள்வியில் முட்டி நின்றன. மகளுக்காக அவள் கையில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு மறுப்பு மட்டுமே.

“பெட்டியில செத்தவுக வருவாகளா?” என்று அவள் செங்கமலத்திடம் கேட்டாள்.

“இல்லத்தே. போட்டுப் பாத்தோம்.”

“அப்ப அதுக்கும் எனக்கும் பேச்சில்ல” என்று போய்விட்டாள்.

சொக்கநாதனுக்கோ அந்தப் பெட்டியோடு பேச்சு இருந்தது. தொலைதூரத்து ஊர் ஒன்றிலிருந்து பூங்கோதை என்ற பெண்ணை மகனுக்கு நிச்சயம் செய்துவிட்டு, அவர் ஸ்டுடியோவுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்னத்தா, பெட்டி நல்லா ஓடுதா?”

“ஓடுதுங்கப்பு.”

“நம்ம வீட்டுக் கல்யாணமும் அதுலதான் ஓடணும். மொதப் பந்தியில எம் பக்கத்துல ஒரு எலை சும்மா கெடக்கும். அது நல்லாத் தெரியிற மாதிரி சேவுகன் எடுத்துரட்டும்.”

“யாருக்கு அப்பு அந்த எலை?”

“வர வேண்டிய பழைய சம்பந்திக்கு. வாசப்படியில பத்திரிக வச்சுட்டு வந்துட்டேன், எடுக்கல. பரவால்ல. நீ யாரையும் கூப்பிட வேணாம். பெட்டி கூப்பிட்டுக்கும்.”

செங்கமலம் தயங்கி, நகரத்தில் இதைவிட நல்ல ஸ்டுடியோக்கள் இருப்பதாகச் சொன்னாள்.

“ஏன், ஊருக்கெல்லாம் நாலு ரூமு, எங்க வீட்டுக்கு மட்டும் ரெண்டு ரூமா?” என்று சிரித்தபடி அவர் எழுந்து போனார்.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெரியநாயகி முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அத்தே, இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் ரெண்டு ரூமையும் பூட்டிப்புடுறேன். பழைய வேகத்துல ஊரட்டும். அவுக ஏசுனா ஏசிக்கிறட்டும்.”

“எதுக்குப் பூட்டணும்?”

“உங்க கை நனைஞ்சுருமே.”

“எம் மேல எரக்கப்பட்டு நீ பூட்டுவ. நாளைக்கு வேற ஒரு பெட்டி வாங்கி அவரு தெறப்பாரு. எத்தனை பேரு எனக்காகப் பூட்டிக்கிட்டே இருப்பீக?” பெரியநாயகி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உக்கார வைக்கிறதுதான பெட்டி? திங்கிறது நானுல்ல?”

“உக்காந்தவுக எல்லாருமே தின்னுருக்காகத்தே. ஒச்சப்பன் மாமாகூட மண்ணுல அடிச்சுச் சத்தியம் பண்ணவருதான்.”

“ஒச்சப்பனுக்குப் பசி. எனக்கு இல்ல.”

செங்கமலம் திரும்பி வந்து அமைப்புத் திரையைத் திறந்து, அந்த ஒற்றை வரியின் எதிரே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். மாற்றாமலே மூடினாள். காக்கும்படி ஒருவரும் தன்னிடம் ஒப்படைக்காத ஒன்றைத் தான் காப்பது முறையன்று என்று அவளுக்குத் தோன்றியது. அதே சமயம், பெரியநாயகி தோற்றுப்போவாள் என்றும் அவள் உறுதியாக நம்பினாள்.

திருமணம் நடந்தது. முதல் பந்தியில் சொக்கநாதனும், அவர் தம்பிமாரும், மாப்பிள்ளை வீரபத்திரனும் அமர, சொக்கநாதனின் வலப்பக்கத்து இலை எல்லாப் பதார்த்தமும் பரிமாறப்பட்டு ஆளில்லாமல் இருந்தது. சேவுகன் அதைச் சொன்னபடியே எடுத்தான்.

மறுநாள் முற்பகலில் செங்கமலம் படத்தை ஓடவிட்டாள். பச்சைக் கோடு மாப்பிள்ளை அழைப்பைத் தாண்டியது. தாலி கட்டியதைத் தாண்டியது. முதல் பந்திக்கு வந்ததும், ஆளில்லாத இலைமுன் பெரியநாயகி அமர்ந்திருந்தாள். சமையற்கூடத்தில் உடுத்தும் அதே நீலச் சேலை. இலையில் சோறும் சாம்பாரும், வடையும் அப்பளமும். அவளுடைய வலக்கை மடியில் கிடந்தது. சாம்பார் போய் ரசம் வந்தது, ரசம் போய்ப் பாயசம் வந்தது, மோரும் வந்தது. கை மடியிலேயே கிடந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் உண்டு முடித்தார்கள்.

உண்டு முடித்தும் எழவில்லை. பந்தியில் கடைசி ஆள் உண்டு முடிக்கும்வரை முன்னால் முடித்தவர் எழுவது இல்லை. எழுந்தால் உண்பவரை அவமதித்ததாகும். இலையில் உட்காரக் கற்றுக்கொள்ளும்போதே எல்லாரும் கற்றுக்கொள்ளும் மரியாதை அது. பெட்டிக்குள் உட்கார்ந்தவர்களும் அதை மறக்கவில்லை. அவர்கள் எச்சில் கையை இலைக்குமேல் பிடித்தபடி, பெரியநாயகியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பச்சைக் கோடு நின்றுவிட்டது. படம் மட்டும் நீண்டுகொண்டே போனது.

மறுநாள் காலையில் பெரியநாயகி உலர்ந்த கையோடு எழுந்து உலை வைக்கப் போனாள். சொக்கநாதனின் வீட்டிலோ முதல் பந்தியில் உண்ட ஆண்கள் அத்தனை பேரும் வலக்கையில் சோற்றுப் பருக்கையும் சாம்பாரும் ஒட்டியபடி எழுந்தார்கள். கழுவினார்கள். துடைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடியும் பருக்கை ஒட்டியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். எலுமிச்சை போட்டுத் தேய்த்தார்கள். கண்மாயில் கைவிட்டு நின்றார்கள். எச்சில் கையால் தொடக் கூடாதவை எத்தனை என்பது அதன்பிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது. விளக்கைத் தொட முடியவில்லை. விபூதி எடுக்க முடியவில்லை. ஆலையில் நெல்லை அள்ளிப் பார்க்க முடியவில்லை. இடக்கையால் கொடுத்ததை வாங்க ஆலைக்கு வந்தவர்கள் மறுத்தார்கள். புதுப்பெண் பூங்கோதை அறை வாசலில் நின்று, “எச்சிக் கையோட எங்கிட்ட வராதீங்க. கழுவிட்டு வாங்க” என்று வீரபத்திரனிடம் சொன்னாள். அவன் கழுவப் போனான். கழுவிக்கொண்டே இருந்தான்.

சொக்கநாதன் ஸ்டுடியோவுக்கு வந்தார். “அணைச்சுப் போடு அத.”

செங்கமலம் அணைத்தாள். அணைத்து மறுபடி கிளப்பியபோது கோடு அதே இடத்தில் நின்றது; பந்தி அப்படியே இருந்தது.

“அந்த ரெண்டு ரூமையும் பூட்டு.”

“பூட்டலாம் அப்பு” என்றான் சேவுகன். “உள்ள பந்தியில நீங்களும் உக்காந்துருக்கீக. பூட்டினா வெளிய நிக்கிறது யாராயிருக்கும்னு எனக்குத் தெரியாது.”

சொக்கநாதன் மறுபடி பூட்டச் சொல்லவில்லை. இருளப்பன் வாத்தியாரிடம் போய், பெட்டி சொல்வதெல்லாம் நடந்ததாகிவிடுமா என்று கேட்டார்.

“ஊருல மத்தவுக கை நனைஞ்சப்ப ஆகும்னு சொன்னேன். நீரும் கூட்டத்துல தலையாட்டினீர். அவுகளுக்கு ஒண்ணு, உமக்கு ஒண்ணுன்னு சொல்ல முடியாது. உம்ம பந்தி இன்னும் எழல. பந்தி எழாத கல்யாணம் முடிஞ்சதாவும் ஆகல.”

ஆகவே அவர், தம்பிமாரும் மகனும் பின்தொடர, வலக்கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நண்பகலில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் கூட நடந்தார்கள். பூங்கோதையும் நடந்தாள். பெரியநாயகி முக்காலியில் அமர்ந்து, அண்டாவிலிருந்து பிள்ளைகளின் தட்டுகளில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“சம்பந்தி, ஒரு பருக்கை எடுத்து வாயில வச்சுரு. ஒரே ஒரு பருக்கை. தோட்டத்த உம் பேருக்கு எழுதித் தாரேன்.”

“நான் தோட்டமா கேட்டேன்?” அவள் அடுத்த தட்டை வாங்கினாள். “கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க.”

“கால் வழுக்கித்தான் விழுந்துச்சு.”

அவர் கையில் சாம்பாரின்மேல் ரசம் வழிந்தது. கூட்டம் அதைப் பார்த்தது.

“தண்ணி எறைக்கப் போன எடத்துல மயக்கம் வந்து...”

ரசத்தின்மேல் பாயசம் வழிந்தது. முழங்கைவரை வழிந்து சொட்டியது.

“அப்பு, இன்னும் மோரு மிச்சமிருக்கு” என்று பின்னாலிருந்து எவரோ சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

வீரபத்திரன் தகப்பனை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் பெரியநாயகியைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தே பேசினான்.

“நான் அடிச்சேன் அத்தே. ஓடுனா. ஓடுன வேகத்துல விழுந்துட்டா. உள்ளருந்து கூப்பிட்டா. கயித்தப் போடப் போனேன். வேணாம், ஏறி வந்தா ஊரக் கூட்டிச் சொல்லுவா, மானம் போயிரும்னு அப்பா கயித்த வாங்கி வச்சுக்கிட்டாரு. தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் கூப்பிட்டா. கொட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கல.”

கூட்டத்தில் நின்ற ஊரார் அத்தனை பேரும் அன்று வடம் பிடித்தவர்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“யாரக் கூப்பிட்டா?” என்று பெரியநாயகி கேட்டாள்.

“மொதல்ல என்ன. அப்பறம் உங்கள.”

பெரியநாயகி கரண்டியை அண்டாவுக்குள் வைத்தாள். “சரி. இப்ப எந்திரிக்கிறேன்” என்றாள்.

“ஒரு பருக்கையாச்சும்...” என்றார் சொக்கநாதன்.

“தின்னுறேன்னு நான் எப்பச் சொன்னேன்?”

அவள் முக்காலியிலிருந்து எழுந்தாள். அதே நேரத்தில் கடைவீதியில், ஆளில்லாத ஸ்டுடியோவில், பச்சைக் கோடு நகர்ந்தது. சொக்கநாதனின் தம்பிமார் பள்ளிக்கூடத்துக் குழாயில் கையை நீட்டினார்கள். பருக்கைகள் நீரோடு போயின. வீரபத்திரனும் கழுவினான். கழுவி முடித்து அவன் திரும்பியபோது பூங்கோதை அங்கே இல்லை. பிற்பகல் பேருந்தில் தன் துணிப்பெட்டியோடு அவள் ஏறியதைப் பார்த்தவர்கள், நடத்துநர் சீட்டுக் கேட்டபோது கடைசி ஊர்வரைக்கும் என்று சொன்னதாகச் சொன்னார்கள். மறுநாள் போலீஸ் ஜீப் வந்து தகப்பனையும் மகனையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

அந்தத் திருமணப் படத்தை வாங்கிப்போக ஒருவரும் வரவில்லை. ஊரார் மட்டும் ஸ்டுடியோ வாசலில் நின்று அதன் கடைசிப் பகுதியைப் பார்த்தார்கள். பந்தி எழுகிறது. நீலச் சேலை உடுத்தியவள் முதலில் எழுகிறாள். அவளுடைய இலை நிறைந்து, மடிக்கப்படாமல் கிடக்கிறது. மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் எழுந்து, முண்டியடித்துக்கொண்டு கை கழுவும் தொட்டியைச் சூழ்கிறார்கள். அவள் தொட்டியைக் கடந்து, நிற்காமல், பந்தலுக்கு வெளியே வெயிலில் நடந்து போகிறாள். கழுவுவதற்கு அவள் கையில் ஒன்றுமில்லை.